நாலு ஜமா, ஒரு பெட்டகம்: பொது டிஜிட்டல் சொத்தை பிளாக்செயின் துணையோடு நிர்வகிக்க ஒரு வழிகாட்டி

காவேரிப்பாக்கம் பக்கம் ஒரு கூத்து ஜமா (கூத்தாடும் குழு), ஆற்காடு பக்கம் ஒன்று, கே.வி.குப்பத்தில் ஒன்று, ஆரணியில் ஒன்று. நாலும் சேர்ந்து தங்கள் கூத்துகளின் காணொளி, பழைய கேசட்டிலிருந்து மாற்றிய ஒலிப்பதிவு, ஜமாவை நடத்தும் வாத்தியார்கள் கைப்பட எழுதிய பாட்டு நோட்டுகளின் ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே பெட்டகமாகச் சேர்த்து வைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூடியூப் சேனல், ஒரு கூகுள் டிரைவ், ஒரு ஹார்டு டிஸ்க். முதல் வருஷம் எல்லாம் சுமுகமாகப் போகும். சேனலைத் திறந்தது எந்த வீட்டுப் பிள்ளையோ, பாஸ்வேர்டு அந்தப் பிள்ளையின் செல்போனில்தான் இருக்கும். அவருக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விடுவார். விளம்பரப் பணம் அவர் கணக்கில் விழும். யாரோ ஒரு ஜமாவின் ஆட்டத்தை வெட்டி வேறு சேனலில் போட்டிருப்பார்கள். அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

ஒரு தாலுகா ஆபீசில் போய் உட்கார்ந்து தீர்க்கிற விஷயமும் இல்லை இது. பழைய வட ஆற்காடு 1989இல் இரண்டானது. வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் மறுபடி மூன்றானது. ஆக, இந்த நாலு ஜமாவும் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கின்றன. யாரும் யாருக்கும் மேலதிகாரி கிடையாது. பொதுவான ஒரு பதிவேடு மட்டும் வேண்டும்; அதை எந்த ஒரு ஜமாவும் தன் வீட்டில் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது. பிளாக்செயினுக்கு வேலை வருவது இந்த இடத்தில்தான்.

கூத்து உங்கள் துறை இல்லாவிட்டால் பரவாயில்லை. ஊர் நூலகத்தின் மின்னூல் தொகுப்பு, ஏரி நீர்மட்டத்தை இளைஞர் மன்றம் பதிந்து வைக்கிற தரவு, நெசவாளர்கள் சேர்ந்து வைத்திருக்கும் டிசைன் கோப்புகள் எதுவானாலும் வழி ஒன்றுதான்.

பிளாக்செயின் இங்கே என்ன வேலை செய்யும்

சங்கத்தின் மினிட்ஸ் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். செயலாளர் வீட்டு பீரோவில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினால் மற்றவர்களுக்குத் தெரியாது. அதே நோட்டு ஒவ்வொருவர் வீட்டிலும் இருந்து, ஒரு வரி எழுதினால் எல்லா நோட்டிலும் அதே வரி விழுந்தால்? பழைய வரியை ஒருவர் மட்டும் திருத்தினால் மற்ற நோட்டுகளோடு ஒத்துப்போகாமல் மாட்டிக்கொள்வார். பிளாக்செயின் செய்வது அதைத்தான். பதிவுகள் கட்டுகட்டாகச் சேர்கின்றன. ஒவ்வொரு கட்டும் தனக்கு முந்தைய கட்டின் கணித அடையாளத்தைத் தன்னுள் வைத்திருப்பதால், நடுவில் ஒன்றைத் தொட்டால் அதற்குப் பிந்தைய எல்லாமே பொருந்தாமல் போய்விடும். பிட்காயின் 2009 ஜனவரியில் இப்படித் தொடங்கியது. 2015இல் வந்த எத்தீரியம், பதிவோடு சிறு நிரல்களையும் ஓட்டலாம் என்றாக்கியது. ‘ஸ்மார்ட் கான்ட்ராக்ட்’ என்பது அந்த நிரல்தான்.

பிளாக்செயினால் முடியாததையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எழுதியது உண்மையா பொய்யா என்று அதற்குத் தெரியாது. ஆற்காட்டு ஜமாவின் பதிவை ஆரணியின் பெயரில் ஏற்றினால், அந்தத் தவறு அழியாமல் நிற்கும், அவ்வளவுதான். இரண்டு வாத்தியார்களுக்குள் மனஸ்தாபம் என்றால் இந்தப் பதிவுச் சங்கிலி வந்து பஞ்சாயத்து பண்ணாது. இந்த வேலையில் பெரும் பங்கு காகிதத்தில் முடிய வேண்டும். தொழில்நுட்பம் கடைசியாக, கொஞ்சமாக வர வேண்டும். இதைத் தலைகீழாக, முதலில் டோக்கன் (சங்கிலியில் உருவாக்கி வாங்கி விற்கும் டிஜிட்டல் வில்லை), பிறகு விதி என்று சொல்லிக் கொடுப்பவர்கள் நிறைய பேர். அவர்கள் பக்கம் போகாதீர்கள்.

வேண்டுமா, வேண்டாமா

எல்லோரும் நம்புகிற ஒரு செயலாளர் இருக்கிறார், அவர் ஒழுங்காகக் கணக்குக் காட்டுகிறார் என்றால் பிளாக்செயின் வேண்டாம். ஒரு எக்செல் தாளும் கூட்டு வங்கிக் கணக்கும் போதும். ஒரே குடும்பமோ ஒரே ஜமாவோ என்றாலும் வேண்டாம். ஒருவரை ஒருவர் முழுதாக நம்பாத, ஆனால் சேர்ந்தே ஆக வேண்டிய பல குழுக்கள் இருந்து, எதிர்காலத்தில் ‘அன்றைக்கு அப்படித்தானே முடிவு செய்தோம்’ என்று காட்ட வேண்டிய அவசியம் வருமானால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

முதல் கூட்டத்திலேயே ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுங்கள். வேலூர், காட்பாடி, ஆரணிப் பக்கம் மாதாமாதம் பெருவட்டி என்று ஆசைகாட்டிப் பணம் திரட்டிய நிறுவனங்களால் அடிபட்ட குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ‘பிளாக்செயின்’ என்ற பேச்சை எடுத்ததும், “இதுல எவ்ளோ போட்டா எவ்ளோ வரும் தம்பி?” என்று ஒரு வாத்தியார் கேட்பார், இல்லாவிட்டால் கேட்காமலே எழுந்து போவார். “போடறதும் கிடையாது, வர்றதும் கிடையாது வாத்தியாரே. நம்ம முடிவை யாரும் மாத்தி எழுதாம இருக்க ஒரு நோட்டு, அவ்ளோதான்” என்பதுதான் பதில். காயின் இல்லை, முதலீடு இல்லை, ஆள் சேர்த்தால் கமிஷன் இல்லை. இந்த மூன்றையும் தீர்மானமாகவே எழுதி வைத்துவிடலாம்.

முதல் படி: காகிதத்தில் விதி

பொதுச் சொத்தை மக்களே ஒழுங்காக நிர்வகிக்க முடியும் என்று ஆராய்ந்து காட்டியவர் எலினோர் ஆஸ்ட்ராம். பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண், ஆண்டு 2009. ஸ்பெயினின் வாய்க்கால் பாசனம், சுவிட்சர்லாந்தின் மேய்ச்சல் நிலம் போல நூற்றாண்டுகளாக நிலைத்த ஏற்பாடுகளைப் பார்த்து, அவற்றுக்குள் பொதுவாக இருந்த அம்சங்களைத் தொகுத்தார். யார் உள்ளே, யார் வெளியே என்பது தெளிவாக இருக்க வேண்டும். விதியால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு விதியை மாற்றுவதில் குரல் வேண்டும். கண்காணிப்பவர் அந்த மக்களுக்குப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும். தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும். தகராறைத் தீர்க்க செலவில்லாத ஓர் இடம் வேண்டும். ஏரித் தண்ணீரைப் பங்கு போட்டுப் பழகிய ஊர்க்காரருக்கு இதில் எதுவும் புதிதாகத் தெரியாது.

டிஜிட்டல் சொத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணீரை ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் குறையும். காணொளியை ஆயிரம் பேர் பார்த்தாலும் குறையாது. இங்கே தீர்ந்துபோவது வேறு: பதிவைப் பராமரிக்கும் ஆளின் பொறுமை, ஜமாவின் நல்ல பெயர், விளம்பர வருமானம். ஆகவே விதிகளும் இந்த மூன்றைக் காப்பதாக இருக்க வேண்டும். ஜமாவுக்குள் இதற்கு ஏற்கெனவே பழக்கம் இருக்கிறது: வாத்தியாருக்கு எவ்வளவு, வேஷக்காரருக்கு எவ்வளவு, பக்கவாத்தியத்துக்கு எவ்வளவு என்று பங்கைப் பேசி வைத்துக்கொண்டுதான் ஆட்டத்துக்குப் போகிறார்கள். அந்தப் பேச்சை நாலு ஜமாவுக்கும் சேர்த்து, ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

1. உறுப்பு என்பது ஜமா. ஜமாவுக்கு ஒரு வாக்கு. ஜமாவுக்குள் எப்படி முடிவெடுப்பது என்பது அவரவர் பாடு.
2. ஒரு ஜமாவின் பதிவை வெளியிடவோ நீக்கவோ அந்த ஜமாவின் சம்மதம் கட்டாயம். மற்ற மூன்றும் சேர்ந்தாலும் மீற முடியாது.
3. புதுப் பதிவை உள்ளே சேர்க்கப் பெட்டகப் பொறுப்பாளரே போதும். வாக்கெடுப்பு தேவையில்லை.
4. வெளியார் யாருக்காவது பயன்படுத்த உரிமம் கொடுப்பதென்றால் நாலில் மூன்று வாக்கு, பத்து நாள் அவகாசம். இரண்டுக்கு இரண்டு வந்தால் தீர்மானம் விழுந்தது.
5. விதியை மாற்ற, புது ஜமாவைச் சேர்க்க: நாலில் மூன்று வாக்கு, ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை.
6. விதி மீறினால் முதலில் நேரில் பேச்சு, அடுத்து ஒரு பருவத்துக்குப் பதிவேற்றும் உரிமை நிறுத்தம், கடைசியில்தான் விலக்கல்.

நாலாம் விதியில் உள்ள பத்து நாளுக்குக் காரணம் உண்டு. இணையத்தில் மூன்று நாள், ஐந்து நாள் வாக்கெடுப்புதான் வழக்கம். பங்குனியில் தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் மாதங்களில் அது சரிப்படாது. ராத்திரி முழுக்க ஆடி, விடிந்து மாவைக் கழுவி, வண்டி ஏறி அடுத்த ஊரில் பகலெல்லாம் தூங்குகிறவர்கள் அவர்கள். மூன்று நாளில் வாக்குப் போடவில்லை என்றால் ‘அக்கறை இல்லை’ என்று அர்த்தமாகாது. பெரிய முடிவுகளை ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளிவிடுவது இன்னும் நல்லது.

பக்கத்தை எழுதி முடித்ததும் எல்லோரும் கையெழுத்து, வேண்டியவர்கள் கைநாட்டு. இதற்கு மேல்தான் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டும்.

இரண்டாம் படி: கோப்பு வெளியே, ஹாஷ் மட்டும் உள்ளே

புதியவர்களில் பலர் காணொளியையே பிளாக்செயினில் ‘ஏற்றிவிடலாம்’ என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேரக் கூத்தை நொடிக்கு 8 மெகாபிட் தரத்தில் பதிந்தால் ஒரு ராத்திரிக்கு சுமார் 29 ஜி.பி. ஐம்பது ராத்திரி என்றால் ஒன்றரை டெராபைட்டைத் தொடும். பொதுச் சங்கிலியில் அதை வைக்க முடியாது. முடிந்தாலும் கட்டணம் தாங்காது.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் எடுக்கிறோம். ஷா-256 என்ற கணக்குமுறை எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் 64 எழுத்து நீளமுள்ள ஒரு சரத்தைத் தரும். 29 ஜி.பி. காணொளியானாலும் ஒரு பக்க நோட்டு ஸ்கேனானாலும் அதே 64 எழுத்துதான். அதே கோப்புக்கு எப்போதும் அதே சரம் வரும். காணொளியில் முகவீணை வாசிப்பவர் முகத்தில் ஒரே ஒரு புள்ளியின் நிறத்தை மாற்றிச் சேமித்தாலும் சரம் அடியோடு வேறாகிவிடும். சரத்தை வைத்துக் கோப்பைத் திரும்ப உருவாக்க முடியாது. ஆகவே சரத்தை உலகறிய வெளியிட்டாலும் கூத்து வெளியே போகாது. விண்டோஸில் ‘சர்ட்யூட்டில்’, லினக்ஸில் ‘ஷா256சம்’ என்ற கட்டளை இதைச் செய்யும். கட்டளை பயமாக இருந்தால் இதற்கென இலவச நிரல்கள் இருக்கின்றன.

இப்போது ஓர் அட்டவணை போடுங்கள்: கோப்பின் பெயர், எந்த ஜமா, எந்த ஊர், என்ன கூத்து, பதிந்த தேதி, ஹாஷ். மாதம் முடிந்ததும் அந்த அட்டவணைக் கோப்புக்கே ஒரு ஹாஷ் எடுங்கள். சங்கிலியில் பதிய வேண்டியது அந்த ஒற்றைச் சரம் மட்டும்தான். நூறு கோப்புக்கும் அது சாட்சி சொல்லும்.

தொடக்கத்தில் இதற்கு ஒரு பைசா செலவில்லை. ‘ஓப்பன் டைம்ஸ்டாம்ப்ஸ்’ என்ற இலவசச் சேவையின் பக்கத்தில் அட்டவணைக் கோப்பை இழுத்துப் போட்டால், ஹாஷ் உங்கள் கம்ப்யூட்டரிலேயே கணக்காகும். கோப்பு வெளியே போகாது. பலருடைய ஹாஷ்களைச் சேர்த்து பிட்காயின் சங்கிலியில் பதிந்துவிட்டு, உங்களுக்கு ஒரு சின்னச் சான்றுக் கோப்பைத் தரும். பதிவு உறுதியாகச் சில மணி நேரம் ஆகும். அந்தச் சான்றுக் கோப்பை மூல அட்டவணையோடு சேர்த்தே வையுங்கள். ஒன்று தொலைந்தால் மற்றது வீண். வாலட் (சங்கிலியில் நம் முகவரியை வைத்துக் கையெழுத்திடும் செயலி) வேண்டாம், காயின் வேண்டாம். பல குழுக்களுக்கு இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வதே போதுமானது என்பேன்.

கோப்புகளை எங்கே வைப்பது? இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டு வேறு ஊரில். கூடவே ஒரு கிளவுட் நகல். ஐ.பி.எஃப்.எஸ். என்ற பரவல் சேமிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். யாராவது ஒரு கம்ப்யூட்டர் அந்தக் கோப்பை விடாமல் வைத்திருந்தால்தான் அது அங்கே இருக்கும். எல்லோரும் விட்டுவிட்டால் காணாமல் போகும். அதோடு, முகவரி தெரிந்த எவரும் எடுத்துப் பார்க்கலாம். வெளியிடச் சம்மதமில்லாத பாட்டு நோட்டுகளை அங்கே போடவே கூடாது.

மூன்றாம் படி: வாலட்

வாக்கெடுப்பையும் சங்கிலிவழி நடத்துவது என்று முடிவானால் ஒவ்வொரு ஜமாவின் பிரதிநிதிக்கும் ஒரு வாலட் வேண்டும். மெட்டாமாஸ்க் பழக்கமான ஒன்று. நிறுவும்போது 12 ஆங்கிலச் சொற்களைக் காட்டும். அந்தச் சொற்கள் யார் கையில் இருக்கிறதோ வாலட் அவருடையது. காகிதத்தில் எழுதி, வீட்டில் பத்திரம் வைக்கிற இடத்தில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்பில் தனக்குத்தானே அனுப்பி வைத்துக்கொள்வது, ஜெராக்ஸ் கடைக்கு மெயில் பண்ணுவது எல்லாம் வேண்டாம். ‘கஸ்டமர் கேர்’ என்று சொல்லி எவர் கேட்டாலும் சொல்லக் கூடாது. அந்தப் பெயரில் கேட்பவர் ஒருவர் விடாமல் திருடர்.

முதல் ஒரு மாதம் பழகுவதற்கு ‘செப்போலியா’ என்ற எத்தீரியம் சோதனை வலையைப் பயன்படுத்துங்கள். அங்கே உள்ள ஈத்தருக்கு (எத்தீரியத்தின் நாணயம்) மதிப்பு கிடையாது, இலவசமாகவே தருவார்கள். அதை விலைக்கு விற்கிறேன் என்று ஒருவர் வந்தால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பட்டன் போன் வைத்திருக்கிற வாத்தியாரை இதற்காக ஸ்மார்ட்போன் வாங்கச் சொல்லாதீர்கள். ஜமா கூடிப் பேசி, முடிவை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பிரதிநிதி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, அதன் ஹாஷைத் தன் வாக்கோடு குறிப்பிடட்டும். நாளைக்கு ‘நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை’ என்ற பேச்சு வந்தால் நோட்டும் ஹாஷும் சேர்ந்து பதில் சொல்லும்.

நான்காம் படி: வாக்கெடுப்பு

‘ஸ்னாப்ஷாட்’ என்ற தளம் இதற்கு ஏற்றது. வாக்காளர் தன் வாலட்டால் கையெழுத்திடுகிறார், அவ்வளவுதான். அது சங்கிலிப் பரிவர்த்தனை இல்லை என்பதால் ‘கேஸ்’ எனப்படும் சங்கிலிக் கட்டணம் இல்லை. வாக்கு எப்படிக் கணக்கிடப்பட வேண்டும் என்பதை நாமே அமைக்கலாம். குறிப்பிட்ட முகவரிகளின் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு என்று வைக்கிற முறையைத் தேர்ந்தெடுங்கள். டோக்கன் எவ்வளவு வைத்திருக்கிறாரோ அவ்வளவு வாக்கு என்ற முறைதான் பிளாக்செயின் உலகத்தில் பரவலானது. நமக்கு அது ஆகாது.

ஏன் ஆகாது என்பதற்கு 2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்ற கிரிப்டோ திட்டத்துக்கு நடந்ததைப் பாருங்கள். அங்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் ஒரு தீர்மானத்தை ஒரு நாள் இடைவெளியில் அவசரமாக நிறைவேற்றலாம். ஒருவர் முந்தின நாளே தீர்மானத்தைப் போட்டு வைத்தார். மறுநாள் ஒரே பரிவர்த்தனைக்குள் பெருந்தொகையைக் கடனாக வாங்கி, அதை வாக்காக மாற்றி, தன் தீர்மானத்தைத் தானே நிறைவேற்றி, கஜானாவைத் தன் பக்கம் திருப்பி, கடனையும் அடைத்துவிட்டார். திட்டத்துக்கு இழப்பு சுமார் 18 கோடி டாலர். நிரலில் பிழை என்று சொல்ல அதிகம் இல்லை. விதி அப்படி இருந்தது. பணத்தால் வாக்கு வாங்க வழி விட்டால், பணம் இருப்பவர் வாங்குவார். அந்த மூன்றில் இரண்டு பங்கை நம் ஊர் மொழியில் சொன்னால், ஒரு பெரிய மனிதர் நாலு ஜமாவின் டோக்கனையும் சீசனுக்கு முன் அட்வான்ஸ் கொடுத்து வாங்கிப்போவது.

தீர்மானம் எழுதும்போது குழப்பமில்லாமல் எழுதுங்கள். ‘ஆவணப்பட விவகாரம்’ என்று தலைப்புப் போட்டால் யாருக்கும் புரியாது. இப்படி எழுதலாம்: ‘ஆற்காட்டு ஜமாவின் சென்ற ஆண்டுப் படுகளப் பதிவில் 3 நிமிடத்தை ஒரு ஆவணப்படக் குழு பயன்படுத்த, ஒரு முறைக்கு மட்டும், ஜமாவின் பெயரைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு, 5,000 ரூபாய்க்கு உரிமம் தரலாமா? தொகையில் பாதி ஆற்காட்டு ஜமாவுக்கு, பாதி பெட்டகப் பராமரிப்புக்கு. ஆற்காட்டு ஜமாவின் சம்மதக் கடிதத்தின் ஹாஷ் கீழே.’ ஆம், இல்லை, விலகல் என்று மூன்று தேர்வு. முடியும் தேதியும் நேரமும் தெளிவாக.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்புகளை மட்டும் இங்கே வைக்காதீர்கள். வாக்கெடுப்பு முடியும் வரை வாக்கை மறைத்து வைக்கும் வசதி ஸ்னாப்ஷாட்டில் உண்டு. சாதாரணமாக முடிந்தபின் யார் எதற்குப் போட்டார் என்பது தெரிந்துவிடும். பொறுப்பாளர் தேர்தலுக்கு மடித்துப் போடுகிற சீட்டே மேல்.

யூடியூபுக்கு உங்கள் சங்கிலி தெரியாது

இதைப் பலர் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். நாலு ஜமாவும் ஒருமனதாக ‘அந்தக் காணொளியை எடுத்துவிடு’ என்று வாக்களித்தாலும் யூடியூப் தானாக எடுக்காது. கூகுள் டிரைவ் பூட்டாது. வங்கி பணத்தை அனுப்பாது. சங்கிலியில் முடிவு விழும். கையால் செய்ய ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் செய்யாவிட்டால்?

ஆகவே சேனலை ஒருவரின் சொந்த மெயிலில் வைக்காமல் பிராண்ட் அக்கவுண்டாக (பலர் சேர்ந்து நிர்வகிக்கும் கணக்கு) மாற்றி, வேறு வேறு ஜமாவைச் சேர்ந்த இரண்டு பேரையாவது உரிமையாளராக்குங்கள். மற்றவர்களுக்குப் பார்க்கும், திருத்தும் அனுமதி போதும். தீர்மானம் நிறைவேறிய 72 மணி நேரத்துக்குள் பொறுப்பாளர் அதைச் செய்து, செய்ததற்கான ஆதாரத்தைத் தீர்மான எண்ணோடு குழுவில் போட வேண்டும் என்று விதியில் சேர்த்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இந்தப் பக்கம் நிறைவேறிய தீர்மானங்கள், அந்தப் பக்கம் சேனலில் நடந்தவை. தீர்மானம் இல்லாமல் நடந்தது எது, தீர்மானம் இருந்தும் நடக்காதது எது என்று வெளியே வரும். பிளாக்செயினின் முழுப் பயனும் இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. ஒப்பிட ஆளில்லை என்றால் அழியாத பதிவேடு இருந்து ஒரு புண்ணியமும் இல்லை.

மல்டிசிக், இப்போதைக்கு அவசரமில்லை

சங்கத்தின் அதிகாரபூர்வப் பதிவு எந்த முகவரியிலிருந்து வர வேண்டும் என்று ஒன்று வேண்டும். அது ஒருவரின் வாலட்டாக இருந்தால் பழைய பாஸ்வேர்டு கதைதான். ‘சேஃப்’ என்ற மல்டிசிக் (பலர் கையெழுத்திட்டால்தான் செல்லும்) கருவியில் ஐந்து பேரைச் சேர்த்து, எந்த மூன்று பேர் கையெழுத்திட்டாலும் செல்லும் என்று அமைக்கலாம். ஜமாவுக்கு ஒருவர், ஐந்தாமவர் எல்லோருக்கும் பொதுவான ஒரு ஆசிரியரோ நூலகரோ. ஒருவர் போனைத் தொலைத்தால் மற்றவர்களில் மூவர் சேர்ந்து அவர் முகவரியை மாற்றிவிடலாம்.

சேஃப் வழியாகச் செய்கிற ஒவ்வொரு பதிவுக்கும் கேஸ் உண்டு. எத்தீரியத்தின் மூலச் சங்கிலியில் அது கையைக் கடிக்கும். இந்தியர்கள் தொடங்கிய பாலிகான் போன்றவற்றில் மிகக் குறைவு. பாலிகானின் நாணயம் ‘மேட்டிக்’ என்றிருந்தது 2024 செப்டம்பரிலிருந்து ‘பி.ஓ.எல்.’ என்று மாறியது. பழைய வழிகாட்டிகளைப் படித்துக் குழம்ப வேண்டாம். இந்தத் தொழில்நுட்பம் மின்சாரத்தைக் குடிக்கும் என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள். பிட்காயினுக்கு அது உண்மை. எத்தீரியம் 2022 செப்டம்பரில் முறையை மாற்றியபின் அதன் மின்செலவு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது.

சொந்தமாக ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதித் தருகிறேன் என்று ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் வரலாம். நன்றி சொல்லி, செப்போலியாவில் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். 2016இல் ‘தி டாவ்’ என்ற கூட்டு நிதியில் அனுபவசாலிகள் எழுதிய நிரலிலேயே ஓட்டை இருந்து 36 லட்சம் ஈத்தர் வெளியே போனது. அதைத் திருப்ப எத்தீரியம் சமூகமே சங்கிலியைப் பிரிக்க வேண்டியதாயிற்று. ஒத்துக்கொள்ளாதவர்கள் பழைய கிளையை ‘எத்தீரியம் கிளாசிக்’ என்று தொடர்ந்தார்கள். நிரலே சட்டம் என்று பேசியவர்கள்கூடக் கடைசியில் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தார்கள்.

பணம், வரி, சட்டம்

ரூபாயை ரூபாயாகவே வைத்திருங்கள். கிரிப்டோ விற்று வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீத வரி. நஷ்டத்தை மற்ற வருமானத்தில் கழிக்க முடியாது. விற்கும்போது 1 சதவீத டி.டி.எஸ். வேறு. விளம்பர வருமானம் வங்கிக்கு ரூபாயில் வருகிறது; அதைக் காயினாக மாற்றிப் பங்கு பிரிப்பதில் வேலையும் வரியும்தான் மிச்சம். பங்குக் கணக்கை மாதாமாதம் அட்டவணையாகப் போட்டு அதற்கும் ஹாஷ் பதியுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது கிரிப்டோவில் நன்கொடை தருகிறேன் என்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இருக்கிறது. ஆடிட்டரைக் கேட்காமல் வாலட் முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள்.

சங்கிலியில் உருவாகும் குழுவுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டத் தகுதி கிடையாது. வங்கிக் கணக்கு திறக்க, உரிம ஒப்பந்தம் போட 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி சங்கமாகப் பதிந்துகொள்ளுங்கள். ஏழு பேர் வேண்டும். அலுவலகம் எந்த மாவட்டத்தில் என்று எழுதுகிறீர்களோ அங்கேயுள்ள பதிவாளரிடம் போக வேண்டும். அதனால் முகவரியை முதலில் பேசி முடியுங்கள். ஸ்னாப்ஷாட் வாக்கெடுப்பைச் சங்கத்தின் துணைவிதியில் ஒரு முறையாகக் குறிப்பிட்டு, முடிவை மினிட்ஸ் நோட்டிலும் எழுதுங்கள். பதிவாளர் கேட்பது நோட்டைத்தான்.

ஆடுபவருக்கும் பாடுபவருக்கும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை உண்டு; ஐம்பது ஆண்டு நீடிக்கும். காமிரா பிடித்தவருக்கே எல்லாம் என்ற நினைப்பில் பலர் இருக்கிறார்கள். ஒவ்வொரு பதிவோடும் ஆடியவர்களின் சம்மதக் கையெழுத்தை வாங்கி வையுங்கள். அந்தச் சம்மதத் தாளில் போன் எண்ணும் ஆதார் எண்ணும் இருந்தால் தாளைச் சங்கிலியிலோ ஐ.பி.எஃப்.எஸ்.ஸிலோ போடவே கூடாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் தகவலை அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. சங்கிலியில் எழுதியதை அழிக்க யாராலும் முடியாது.

வருஷத்துக்கு ஒருமுறை

மாசியில், சீசன் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். இரண்டு ஹார்டு டிஸ்கிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கோப்பை எடுத்து ஹாஷ் கணக்கிட்டு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் டிஸ்க் கெட ஆரம்பித்திருக்கிறது, அல்லது யாரோ கைவைத்திருக்கிறார்கள். எதுவானாலும் மற்ற நகலிலிருந்து அன்றைக்கே மாற்றிவிடுங்கள். ஐந்து வயதைத் தாண்டிய டிஸ்கை ஓய்வுக்கு அனுப்புங்கள். கையெழுத்தாளர் ஒவ்வொருவரும் தன் 12 சொற்களை எழுதிய காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு ‘இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். சொற்களை வாசித்துக் காட்ட வேண்டாம்.

ஒரு ஜமா பிரிந்து போக விரும்பினால் என்ன ஆகும் என்பதையும் அன்றைக்கே வாசித்துக் காட்டுங்கள்: தன் பதிவுகளின் முழு நகலும் அட்டவணையும் சான்றுக் கோப்புகளும் முப்பது நாளில் கையில் கிடைக்கும்; பொதுச் சேனலில் உள்ள அதன் காணொளிகளை வைப்பதா எடுப்பதா என்பதை அந்த ஜமாவே சொல்லும்; ஏற்கெனவே கொடுத்த உரிமங்கள் அவற்றின் காலம் முடியும் வரை செல்லும்; பராமரிப்புக்குக் கொடுத்த தொகை திரும்ப வராது.